38 வயதில் முதல் டிகிரி: எந்த மேஜர் எடுத்தால் பின்னால் கதவு அடைபடாது?

#1 பாவுநூல் (திருப்பூர்)

வணக்கம். பல மாதங்களாக இங்கே படிக்க மட்டும் வந்துபோகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 38. 2004-ல் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். மார்க் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அந்த வருடம்தான் அப்பா தறியை விற்றார். காலேஜ் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். 11 வருடமாக ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டேலி, ஜிஎஸ்டி, ஜாப் ஒர்க் பில், பெட்டி கேஷ் எல்லாம் என் டேபிளில்தான்.

போன மாதம் ஆபீசில் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். எல்லோருடைய விவரத்தையும் ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கும்: முதுகலை, இளங்கலை, டிப்ளமா, மற்றவை. பிளஸ் டூ என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. 62 பேர் விவரத்தை ஏற்றி முடித்துவிட்டு என் பெயருக்கு நேரே 'மற்றவை' என்று நானே தட்டினேன்.

டிகிரி படிக்கப் போகிறேன், அது முடிவாகிவிட்டது. எதைப் படிப்பது என்பதுதான் முடிவாகவில்லை. ஆபீசில் அடுத்த நாற்காலிக்குப் போக ஒரு டிகிரி வேண்டும். அரசு வேலைக்கான குரூப் 2 பரீட்சை எழுதிப் பார்க்கவும் ஆசை. சின்ன வயதிலிருந்து டீச்சர் ஆசை வேறு. மாமனார் நில வழக்குக்காகக் கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, வக்கீலுக்குப் படித்திருக்கலாமோ என்றும் சில நாள் தோன்றும். வீட்டுக்காரர் பி.காம். என்கிறார். நாத்தனார் சைக்காலஜி என்கிறார். அவிநாசி ரோட்டில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர் 'ஒரே வருசத்துல பிபிஏ வாங்கித் தர்றேன்' என்கிறார்.

இதில் எதையும் இப்போதே கைவிட மனசில்லை. எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய மாதிரி ஒரு மேஜர் இருக்கிறதா?

#2 கல்மண்டபம்

பிபிஏ போடுங்க அக்கா. மேனேஜ்மென்ட் எதுக்கும் ஒத்துவரும். ஆனா அந்த மாடி அறை ஆளிடம் வேண்டாம்.

#3 பழைய ரிஜிஸ்டர்

கலெக்டர் ஆபீசில் 31 வருடம் கோப்பு தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. எல்லாப் பக்கமும் திரும்பும் மேஜரைத் தேடும் முன், எந்தப் பக்கம் இன்னும் வழி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் மேஜர் அடைப்பதைவிட வயது அடைத்த கதவுகள் அதிகம்.

இன்றைக்குச் சேர்ந்தால் பட்டம் கைக்கு வரும்போது 41, 42 ஆகிவிடும். பேங்க் கிளார்க்குக்கு உச்ச வயது 28, பிஓவுக்கு 30. பிசி என்றால் 3 வருடம் தளர்வு, அவ்வளவுதான். யுபிஎஸ்சி 32, அதே தளர்வோடு 35. டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்கு பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டிக்கு 39. இவை எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. இந்தப் பரீட்சைகளுக்குத் தோதாக எது என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, அந்த மட்டும் லாபம்.

மிச்சம் என்ன? குரூப் 2, 2ஏ. இதில் பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டிக்குப் பெரும்பாலான பதவிகளில் உச்ச வயது வரம்பு கிடையாது. ஏதாவது ஒரு டிகிரி என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதாவது குரூப் 2-க்காக மேஜர் யோசிப்பது வீண். பி.ஏ. வரலாறும் சரி, பி.எஸ்சி. விலங்கியலும் சரி, அங்கே ஒரே விலை. வேண்டுமானால் வரலாறு படித்தவருக்குச் சிலபஸ் கொஞ்சம் கைப்பழக்கமாக இருக்கும்.

ஆபீஸ் நாற்காலி, டீச்சர், வக்கீல். இந்த மூன்றுக்கும் மட்டும் எந்த மேஜர் எதை அடைக்கிறது என்று பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், சொல்வார்கள்.

#4 பாவுநூல்

ஐயா, நாங்கள் பிசிதான். பேப்பரில் எழுதி அடித்தே விட்டேன். பாதிப் பக்கம் காலி. மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது.

#5 கருப்புக் கோட்டு

வக்கீல் பக்கம் நான் சொல்கிறேன். மூன்று வருட எல்எல்.பி.க்கு மேஜர் ஒரு பொருட்டே இல்லை. எந்த இளங்கலையும் போதும், கரஸில் (தொலைநிலையில்) படித்ததும் செல்லும். ஆனால் மார்க்கைப் பார்ப்பார்கள். பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்சம் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், ஓபிசிக்கு 42, எஸ்சி, எஸ்டிக்கு 40. எப்படியோ தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்த டிகிரி இங்கே உதவாது.

இன்னொன்று, எல்எல்.பி.யைக் கரஸில் படிக்க முடியாது. 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேண்டும். வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் வகுப்பில் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வியே. என் வகுப்பில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருந்தார், 60 தாண்டியவர். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் அட்டெண்டன்ஸ் கணக்கு வைத்திருந்தார். ஆக அந்தக் கதவு எங்கும் போய்விடாது. இப்போதைக்கு அதை மறந்துவிட்டு மார்க்கை மட்டும் பாருங்கள்.

#6 மன ஓட்டம்

நாத்தனார் சொல்வதில் தப்பில்லை. சைக்காலஜிக்கு இப்போது நல்ல மவுசு. ஸ்கூலில் கவுன்சிலர், கம்பெனியில் எச்.ஆர்., சொந்தமாகவும் செய்யலாம். நான் இரண்டு வருடம் முன்பு கரஸில்தான் சேர்ந்தேன். வயது ஏற ஏறத்தான் அந்தப் படிப்பு புரியும் என்பது என் அனுபவம்.

#7 மட்டறுத்துநர்

மன ஓட்டம், நீங்கள் சேர்ந்தபோது இருந்தது, இப்போது இல்லை. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, உணவு ஊட்டச்சத்து போன்ற சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டது. 2021-ல் வந்த துணைமருத்துவத் தொழில் ஆணையச் சட்டத்தை ஒட்டிய முடிவு. முன்பே சேர்ந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. புதிதாகச் சேருகிறவர் ரெகுலர் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். இதற்குப் பிறகும் யாராவது கரஸில் சைக்காலஜி சீட் இருக்கிறது என்று சொன்னால் பணத்தைக் கட்டாதீர்கள்.

அந்த மாடி அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ஒன் சிட்டிங்' என்று அந்த வியாபாரத்துக்குப் பெயர். மூன்று வருடப் படிப்பை ஒரே வருடத்தில் முடிக்க இந்த நாட்டில் எந்த விதியும் இல்லை. தொலைநிலைப் படிப்பை ஏஜென்ட் வைத்து நடத்தவும் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கிடையாது. நேராகப் பல்கலைக்கழக இணையதளத்தில் சேருங்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்), எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்த வருடம் நடத்தலாம் என்று பட்டியல் போடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் பருவமும் அதில் இருக்க வேண்டும். சேர்வதற்கு டெப் ஐடியும் வேண்டும். அதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை.

#8 இரும்புப்பெட்டி

மட்டறுத்துநர் சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு அரசுத் துறையில் அலுவலக உதவியாளர். பத்தாவதோடு நின்றவன். 2005-ல் ஒரு பல்கலைக்கழகத்தில், பிளஸ் டூ வேண்டாம், ஒரு நுழைவுத் தேர்வு போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். 2008-ல் பி.ஏ. வரலாறு முடித்தேன். கான்வொகேஷனுக்கு வேட்டி எடுத்தேன். 2009 ஆகஸ்டில் அரசாணை 107 வந்தது. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் படிக்காத பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது. சரி, பிளஸ் டூவையும் எழுதிவிடுவோம் என்று 2012-ல் தனித்தேர்வராக எழுதிப் பாஸும் ஆனேன். சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் நீட்டினால், 'டிகிரி 2008, பிளஸ் டூ 2012, வரிசை தலைகீழா இருக்கே' என்றார் சூப்பரிண்டெண்ட். அவர் சொன்னதில் தப்பில்லை, விதி அப்படி. மறுபடி முதல் வருடத்திலிருந்து அதே பி.ஏ. வரலாறு. பிளாசிப் போரை இரண்டு முறை படித்தவன் நான்.

முதல் டிகிரி இன்னும் இரும்புப்பெட்டியில் இருக்கிறது. பாவுநூல் அம்மாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பிளஸ் டூ இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கும். மேஜரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் வரிசையைச் சரிபாருங்கள்.

#9 சாக்பீஸ்

டீச்சர் பக்கத்துக்கு நான். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை. பி.ஏ.வைக் கரஸில் முடிக்கும்போது எனக்கு 33. பி.எட். மட்டும் ரெகுலர்.

பிபிஏ எதற்கும் ஒத்துவரும் என்றார் கல்மண்டபம். டீச்சருக்கு ஒத்துவராது தம்பி. பள்ளியில் இருக்கும் பாடத்தில் பட்டம் வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் படித்தவர்கள் இளங்கலையோடு நேராக பி.எட். போகலாம். காமர்ஸ், பொருளாதாரம், அரசியல் அறிவியல், சமூகவியல் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் முதுகலையும் கேட்பார்கள். பி.எட். இரண்டு வருடம், கல்லூரிக்குப் போக வேண்டும். கரஸில் பி.எட். உண்டுதான், ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சைக்கு இப்போது பொதுப்பிரிவுக்கு 53, மற்ற பிரிவுகளுக்கு 58 வரை இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு ஒன்று. பட்டத்தின் பெயரில் வால் இருக்கக் கூடாது.

என் சான்றிதழ் சரிபார்ப்பு அன்று எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றார். ஆங்கிலப் பட்டம்தான். ஆனால் சர்டிபிகேட்டில் ஆங்கிலம் என்று மட்டும் இல்லாமல் அதன் பின்னே இன்னும் நாலு வார்த்தை. மேஜையில் இருந்தவர் மர ஸ்கேலை எடுத்து அந்த வரிக்குக் கீழே வைத்தார். ஸ்கேலை நகர்த்தாமலே, 'ஈக்விவலன்ஸ் ஜிஓ இருக்காம்மா?' என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதாவது, உங்கள் பட்டம் சாதாரண பி.ஏ. ஆங்கிலத்துக்குச் சமம் என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்க வேண்டும். சில பெயர்களுக்குச் சமம் என்று வந்திருக்கிறது, சில பெயர்களுக்குச் சமமில்லை என்றே வந்திருக்கிறது. ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள். என் வேலை முடிந்து நான் வெளியே வந்தபோதும் அங்கேயேதான் நின்றிருந்தார், போனைக் காதில் வைத்துக்கொண்டு.

வால் வைத்த பட்டத்தைத்தான் இன்று 'நிறைய வாய்ப்பு' என்று விற்கிறார்கள். இரண்டு துறை கலந்தது, மூன்று துறை கலந்தது என்று. தனியார் கம்பெனியில் அது எடுபடலாம். அரசு மேஜையில் அந்த ஸ்கேல் இருக்கிறது.

#10 வாய்க்கால் வரப்பு

ஏனுங்க இவ்வளவு யோசனை? ஆபீசில் ஒரு கட்டத்தை நிரப்பத்தானே டிகிரி. இருப்பதிலேயே ஈஸியாக பி.ஏ. தமிழ் போட்டு முடித்துவிட்டுப் போங்க.

#11 சாக்பீஸ்

பி.ஏ. தமிழ் ஈஸி என்று சொல்பவர் யாரும் நன்னூலைத் திறந்து பார்த்தவர் இல்லை. பக்கத்தில் தொல்காப்பியமும் யாப்பருங்கலக்காரிகையும் இருக்கும், போய் ஒரு அதிகாரம் படித்துவிட்டு வாருங்கள் அண்ணா. தமிழ் பேசத் தெரிந்தால் போதும் என்று சேர்ந்துவிட்டு இலக்கணப் பேப்பரில் அரியர் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா.

#12 வாய்க்கால் வரப்பு

சரிங்க, வாயை மூடிக்கிறேன். பி.ஏ. வரலாறு?

#13 இரும்புப்பெட்டி

இரண்டு முறை படித்தவனிடம் கேட்கிறீர்கள்.

#14 ஐந்தொகை

ஆடிட்டர் ஆபீசில் சீனியர் அசிஸ்டென்ட். இத்தனை பேர் பேசியும் பாவுநூல் அக்கா 11 வருடமாகச் செய்வது என்ன என்று ஒருவரும் பார்க்கவில்லையே.

பரந்த மேஜர் என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் மேஜர் என்று நினைக்கிறோம். கருப்புக் கோட்டு சொன்னதைத் திரும்பப் படியுங்கள். மேஜர் என்ன என்று அங்கே கேட்கவில்லை, சதவீதம் கேட்கிறார்கள். பி.எட்.டுக்கும் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்குத் தளர்வு. சி.ஏ. நேரடியாகச் சேர காமர்ஸ் பட்டதாரிக்கு 55, மற்ற பட்டதாரிக்கு 60. ஆக எதில் நல்ல மார்க் வாங்க முடியுமோ அதுதான் அதிகக் கதவு திறக்கும் மேஜர். பேங்க் ரீகன்சிலியேஷனைத் தூக்கத்தில் போடுகிறவர் பி.ஏ. ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரோடு மல்லுக்கட்டி 42 வாங்குவதில் என்ன பரந்த தன்மை இருக்கிறது?

அக்கா, பி.காம். எடுங்கள். சாதா பி.காம். சாக்பீஸ் டீச்சர் சொன்ன வால் விஷயம் இங்கேயும் உண்டு. பி.காம். பெயரில் எத்தனை ரகம் இருக்கிறது என்று எண்ணி முடியாது. அதெல்லாம் வேண்டாம்.

#15 பாவுநூல்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பி.காம். எடுத்தால் டீச்சர் ஆசை போய்விடுமே? பி.ஏ. ஆங்கிலம் எடுத்தால் நேராக பி.எட். என்று சாக்பீஸ் அக்கா சொல்கிறார். ஆபீசில் எந்த டிகிரியும் பரவாயில்லை என்று எச்.ஆர். சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்தால் பி.ஏ. ஆங்கிலம்தானே இரண்டு பக்கமும் திரும்பும்?

இன்னொன்று, உண்மையில் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும்? இரவு பாத்திரம் கழுவி முடிக்கவே பத்தரை. ஐந்து மணிக்கு எழுந்தால்தான் டிபன் பாக்ஸ்.

#16 ஐந்தொகை

மணிக்கணக்கை நான் போடுகிறேன், தொழில் அதுதானே. இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்று வருடப் பட்டம் 132 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 3,960 மணி நேரம். மூன்று வருடத்தில் முடிக்க ஞாயிறு, தீபாவளி பாராமல் தினமும் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆறு வருடம் வரை அவகாசம் தருகிறார்கள். அப்படி எடுத்தால் தினம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

இது ஒன்றுமே தெரியாதவருக்கான கணக்கு. பற்று வரவு தெரியாத பையன் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் புத்தகத்தோடு உட்காரும் நேரமும், தினம் வவுச்சர் போடும் நீங்கள் உட்காரும் நேரமும் ஒன்றா? அக்கவுண்ட்ஸ் பேப்பர், வருமான வரி, ஜிஎஸ்டி வரும் பேப்பர், கம்ப்யூட்டர் அக்கவுண்டிங் எல்லாம் உங்களுக்குப் பாதி நேரம். அந்த நேரத்தைப் பிசினஸ் லாவுக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கும் கொடுங்கள், அவைதான் முறைக்கும்.

பி.ஏ. ஆங்கிலத்தில் இந்தத் தள்ளுபடி எதுவும் கிடைக்காது. தமிழ் மீடியத்தில் படித்து 21 வருட இடைவெளிக்குப் பிறகு. முடியாது என்று சொல்லவில்லை, சாக்பீஸ் டீச்சரே முடித்திருக்கிறார். விலை என்ன என்று சொல்கிறேன்.

#17 சாக்பீஸ்

ஐந்தொகை சொல்வதை முதலில் மறுக்கத்தான் வந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கமே சாய்கிறேன்.

நான் பி.ஏ. ஆங்கிலம் எடுத்தபோது ஒரு நர்சரிப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் எப்படியோ, உங்களுக்கு அக்கவுண்ட்ஸ் அப்படி.

டீச்சர் ஆசை போகாது. பி.காம்., அப்புறம் எம்.காம்., அதையும் கரஸில் படிக்கலாம். அப்புறம் பி.எட். மேல்நிலைப் பள்ளிகளில் காமர்ஸ், அக்கவுண்டன்சி எடுக்கும் முதுகலை ஆசிரியர் ஆகலாம். நான் ஆறிலிருந்து பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. அதற்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்ய வேண்டும், அதற்கு மேலே டிஆர்பியின் போட்டித் தேர்வு வேறு. முதுகலை ஆசிரியர் பதவிக்கு டெட் கேட்பதில்லை, டிஆர்பி தேர்வு மட்டும். கணக்குப் பார்த்தால் எனக்கு இரண்டு வருடம் குறைவு, உங்களுக்கு ஒரு பரீட்சை குறைவு. 41-ல் பி.காம்., 43-ல் எம்.காம்., 45-ல் பி.எட். டிஆர்பிக்கு உங்களுக்கு 58 வரை இருக்கிறது. நடுவில் எங்கே நிறுத்தினாலும் கையில் ஒரு முழுப் பட்டம் இருக்கும்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். பி.எட். இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல்தான். அதற்கு இப்போதிருந்தே ஒரு சீட்டு போட்டு வைத்தால் நல்லது.

#18 கல்மண்டபம்

ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாம் என்று யுஜிசி 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டதே. பி.காம்., பி.ஏ. ஆங்கிலம் இரண்டிலும் சேர்ந்துவிட்டால்?

#19 பாவுநூல்

தம்பி, பத்தரைக்குப் பாத்திரம், ஐந்துக்கு டிபன். நீங்கள் வந்து ஒரு டிகிரியைப் படித்துக்கொடுங்கள், சேர்ந்துவிடுகிறேன்.

#20 இரவு பஸ்

கரஸ் டிகிரி என்றால் இன்டர்வியூவில் முகத்தைச் சுளிக்கிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ரெகுலருக்குச் சமம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம்.

#21 மட்டறுத்துநர்

பேச்சுக்கு இல்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் ரெகுலருக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்தது. தனியார் முதலாளி முகம் சுளிப்பதை யுஜிசியால் தடுக்க முடியாதுதான். ஆனால் 22 வயதில் கரஸ் டிகிரியோடு வேலை கேட்பவரும், 14 வருட அனுபவத்தோடு கரஸ் டிகிரியைக் காட்டுபவரும் ஒன்றில்லை. இரண்டாமவரிடம் அனுபவத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

#22 பழைய ரிஜிஸ்டர்

எங்கே சேருவது என்பதையும் பேசிவிடுவோம். சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002-ல் தொடங்கியது. அங்கே பல பட்டங்களைத் தமிழ்வழியிலேயே படிக்கலாம். இக்னோ மத்திய அரசுடையது, 1985-லிருந்து இருக்கிறது. ஜூன், டிசம்பரில் பரீட்சை. ஒவ்வொரு பேப்பரிலும் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. அந்த அசைன்மென்டைக் கையால் எழுதித் தர வேண்டும். உங்களைப் போல அழகாகக் கணக்கு எழுதுபவர்களுக்கு அந்த 30 கிட்டத்தட்ட இனாம். பலர் அதைக் கடைசி வாரம் பார்த்து எழுதி மார்க்கை விட்டுவிடுவார்கள்.

எந்த இடமானாலும் சரி, சேரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். முந்தைய வருட கேள்வித்தாள் ஒன்றை இறக்கி, நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். மேஜர் சரியா தப்பா என்று அந்த மூன்று மணி நேரம் சொல்லிவிடும். இங்கே நாங்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வதைவிட அதை நம்பலாம்.

#23 பாவுநூல்

ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை செய்தேன். பெரியவளும் சின்னவனும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் கேள்வித்தாள். குக்கரில் அரிசி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இறுதிக் கணக்கு ஒன்று கேட்டிருந்தார்கள். சரிக்கட்டல்கள் ஆறு. முதலில் கை தானாக டேலியில் போடுகிற மாதிரியே போனது, பிறகுதான் பேப்பரில் 'டி' வடிவக் கணக்கு போட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. கடைசியில் ஐந்தொகை இரண்டு பக்கமும் 400 ரூபாய் ஒட்டவில்லை. குக்கர் எத்தனை விசில் போட்டது என்று தெரியவில்லை, சாதம் குழைந்துபோனது. 400 ரூபாயைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்தேன். கொடுபட வேண்டிய சம்பளத்தை லாப நட்டக் கணக்கில் காட்டிவிட்டுப் பொறுப்பில் காட்ட மறந்திருக்கிறேன். மாதாமாதம் ஆபீசில் நான் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் விஷயம்.

ஆங்கிலப் பேப்பரும் ஒன்று இறக்கினேன். முதல் கேள்வியே ஒரு கவிதை. இரண்டு தடவை படித்தேன். பிடித்துத்தான் இருந்தது, ஆனால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பி.காம்.தான். வால் இல்லாதது. தமிழ்வழி. மூன்றரை, நான்கு வருடத்தில் முடிப்பதாகக் கணக்கு. சாக்பீஸ் அக்கா சொன்ன மாதிரி ஒரு சீட்டில் மாதம் 2,000 போட ஆரம்பித்திருக்கிறேன். அது சட்டத்துக்கா டீச்சருக்கா என்று வீட்டுக்காரர் கேட்கிறார், சொல்லவில்லை.

#24 ஐந்தொகை

400 ரூபாயைத் தேடி எடுத்தீர்களே, அதைத்தான் எங்கள் ஆபீசில் புதிதாக வரும் பையன்களிடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

#25 பாவுநூல்

நன்றி தம்பி. இப்போது வேறு பிரச்சினை. விண்ணப்பத்தில் டிசி கேட்கிறார்கள். என் டிசி 2004-லேயே வீடு மாறும்போது தொலைந்துபோனது. மார்க் ஷீட் மட்டும் இருக்கிறது. யாருக்காவது அனுபவம் உண்டா?

#26 பழைய ரிஜிஸ்டர்

படித்த பள்ளிக்கு நேரில் போங்கள் அம்மா. தொலைந்துவிட்டது என்று தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம், மார்க் ஷீட் ஜெராக்ஸ். டூப்ளிகேட்டுக்கு வேறு என்னென்ன வைக்க வேண்டும் என்று ஆபீசில் இருக்கும் கிளார்க்கே சொல்வார். நீங்கள் படித்த வருடமும் அட்மிஷன் நம்பரும் தெரிந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். நம்பர் பழைய மார்க் ஷீட்டிலோ கண்டக்ட் சர்டிபிகேட்டிலோ இருக்கிறதா பாருங்கள். காலை பத்தரைக்கு முன் போகாதீர்கள், பிரேயர் முடிந்து அட்டெண்டன்ஸ் எல்லாம் சேரும் நேரம், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

#27 பாவுநூல்

கண்டக்ட் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. நம்பர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.